பட்டத்தின் பெயரில் ஏஐ, பாடத்தில் ஏஐ: எதைத் தேர்ந்தெடுப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த அடுத்த வாரமே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தாள் கைமாறத் தொடங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்குப் போட்ட கட்ஆஃப் மேல் மூலையில் இருக்கும். கீழே கல்லூரிகளின் குறியீட்டு எண்கள் வரிசையாக. கொஞ்ச காலமாக இந்தத் தாள்களில் ஒரு வினோதம் தெரிகிறது. கல்லூரி மாறுகிறது, மாவட்டம் மாறுகிறது, பாடப்பிரிவு மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மாறுவதில்லை: ஏஐ டிஎஸ், ஏஐ டிஎஸ், ஏஐ டிஎஸ். நடுவில் மூச்சு வாங்க ஒரு ஏஐஎம்எல். முன்னது செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், பின்னது செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும்.

ஏன் என்று கேட்டால் மாணவர் அப்பாவைப் பார்க்கிறார். அப்பா, "இனிமே எல்லாமே ஏஐதான் சார், எங்க மச்சான் சொல்றாரு" என்கிறார். மச்சான் இன்னொருவர் சொல்லிக் கேட்டவர். அந்தத் துறையில் என்ன படிக்க வேண்டியிருக்கும் என்று பையனிடமோ பெண்ணிடமோ கேட்டால், "ரோபோ, சாட்ஜிபிடி மாதிரி..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டு வாழ்க்கையும் குடும்பத்தின் சேமிப்பும் அந்த இழுவையில் தொங்குகின்றன.

ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது 2022 நவம்பர் 30 அன்று. இந்தியாவில் ஏஐ பட்டங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஐஐடி ஹைதராபாத் 2019இலேயே ஏஐக்கென்று தனி பி.டெக் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் ஏஐ டிஎஸ் பிரிவு நுழைந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். சாட்ஜிபிடி வந்த பிறகு அது காட்டுத்தீயாகப் பரவியது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்குப் பிரிவுவாரியான இட உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2025ஐ ஏஐ ஆண்டு என்றும் அறிவித்தது. கல்லூரிகளுக்கு வேறென்ன வேண்டும்? மெக்கானிக்கல், சிவில் இடங்கள் சுருங்கின, ஏஐ இடங்கள் பெருகின.

ஆக, ஏஐ இன்று கல்லூரிக்குள் பல வாசல்கள் வழியாக வருகிறது. தனிப் பட்டமாக வருகிறது. கணினி அறிவியலுக்குள் சில தாள்களாக வருகிறது. வேறு துறையில் படிப்பவருக்கு மைனராகவோ இணையவழிப் படிப்பாகவோ வருகிறது. எந்தப் பாடமானாலும் வகுப்பறைக் கருவியாக வருகிறது. இவற்றில் எது யாருக்கு ஏற்றது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நல்ல கல்லூரியில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏஐ கற்க அது நேர்வழி என்பதும் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கே ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் மெஷின் லேர்னிங்’ கட்டாயத் தாளாக இருந்தது. வேண்டியவர்கள் அதற்கு மேல் விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

சிக்கல் அந்தத் தனிப் பட்டத்தில்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதலில் பாடத்திட்டம். அது ரகசிய ஆவணம் அல்ல, பல்கலைக்கழக இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2021 ஒழுங்குமுறையில் பி.டெக் ஏஐ டிஎஸ்ஸையும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாண்டு கிட்டத்தட்ட ஒன்றேதான்: அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. இரண்டாம் ஆண்டிலும் தனிநிலைக் கணிதம், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று பெரும்பகுதி பொதுதான். வித்தியாசம் ஒரு கைப்பிடித் தாள்களில் அடங்கிவிடுகிறது. மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், பிக் டேட்டா எல்லாம் இந்தப் பக்கம் கூடுகின்றன; தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் போன்றவை கட்டாயப் பட்டியலிலிருந்து கழிகின்றன. கழிந்தவை பழைய சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இன்றைய பெரிய மொழி மாதிரிகளை வேகமாக ஓடவைப்பவர்களில் கம்பைலர் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 ஒழுங்குமுறை எழுதப்பட்டபோது சாட்ஜிபிடி பிறக்கவில்லை. அதாவது அந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்கள் எந்தப் பரபரப்பை நம்பிச் சேர்ந்தார்களோ, அது பாடத்திட்டக் குழுவின் மேசைக்கே வந்திருக்கவில்லை. பாடத்திட்டம் எப்போதும் சில ஆண்டு பின்னால்தான் நடக்கும், அதில் குற்றமில்லை. கணிதமும் அல்காரிதமும் சில ஆண்டு தாமதத்தில் கெட்டுப்போவதில்லை. ஆனால் பட்டத்தின் பெயரே ஒரு சமீபத்திய தொழில்நுட்பமாக இருந்தால் அந்தத் தாமதம் நேரடியாக மாணவர் தலையில் விழுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தை விரைவாக மாற்றிக்கொள்ள முடியும். மாற்றுகின்றனவா என்பதைக் கடந்த இரண்டு மூன்று ஆண்டுப் பாடத்திட்டங்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆசிரியர்கள். இங்கேதான் நிலைமை கவலைக்குரியது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல்களில் ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் இருக்கிறது என்று. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்திருப்பதை ஏற்று விசாரணையில் இறங்கியது. பல பத்தாண்டுகளாக இருக்கும் துறைகளிலேயே ஆள் கணக்கு இப்படியென்றால், நேற்று தொடங்கிய துறையில் டீப் லேர்னிங் நடத்த உண்மையில் யார் வருவார்? தரமாகக் கற்பிக்கக்கூடிய ஒருவருக்குத் தனியார் நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் கொடுப்பதில்லை. விளைவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் ஏற்கெனவே இருந்தவர்களின் அறைக் கதவில் புதிய பலகை. அவர்களில் இரவெல்லாம் படித்துப் பாடம் நடத்தும் நேர்மையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் கட்டணம் கட்டுபவர் அந்தப் பலகைக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்.

தரச்சான்று விஷயமும் உண்டு. தேசிய தரச்சான்று வாரியமான என்பிஏவின் அங்கீகாரம் பாடப்பிரிவுவாரியாகத் தரப்படுவது. அதற்கு மாணவர்கள் படித்து வெளியேறிய ஆண்டுகள் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அது இருக்க வழியில்லை. விளம்பரப் பலகையில் ‘என்பிஏ அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிதாக எழுதியிருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேட்பது அநாகரிகம் ஆகாது.

இதையெல்லாம் தாண்டி நிர்வாக ஒதுக்கீடு. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன, மீதி 35 நிர்வாகத்திடம். கலந்தாய்வில் நல்ல கல்லூரியின் ட்ரிபிள்இ (மின்னியல், மின்னணுவியல்) கிடைத்திருக்கும் மாணவரை, சுமாரான கல்லூரியின் ஏஐ டிஎஸ்ஸுக்கு நன்கொடை கொடுத்து மாற்றும் பெற்றோரைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. நல்லதை விட்டுவிட்டு, சுமாரானதைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் கடன் வாங்கி.

இக்கட்டுரையாளர் மின்னியல் படித்து, சில ஆண்டுகள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களோடு மாரடித்தவர்; ஆகவே ட்ரிபிள்இ பக்கம் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. ஏஐ தேடல் நிறுவனமான பெர்ப்ளெக்ஸிட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சென்னைக்காரர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் ஐஐடி மெட்ராஸில் படித்தது எலெக்ட்ரிக்கல். நியூரல் நெட்வொர்க்குகளுக்காக 2024இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டனின் இளநிலைப் பட்டம் உளவியலில். அதே ஆண்டு, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஜான் ஜம்பர் படித்தது இயற்பியலும் கணிதமும், பிறகு வேதியியல். இன்றைய மொழி மாதிரிகளுக்கெல்லாம் அடித்தளமான 2017ஆம் ஆண்டு டிரான்ஸ்ஃபார்மர் ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆஷிஷ் வாஸ்வானி, ராஞ்சி அருகே மேஸ்ராவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். அப்போது ஏஐ என்ற இளநிலைப் பட்டமே பெரும்பாலும் இல்லையே என்று எதிர்வாதம் செய்யலாம். வாதம் சரிதான். ஆனால் பட்டம் இல்லாதது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் சரிதானே? அவர்கள் எல்லோரிடமும் ஆழமான ஓர் அடிப்படைத் துறை இருந்தது. ஏஐ அதன் மேல் வந்து அமர்ந்தது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஐஐடி மெட்ராஸ் 2024இல் தொடங்கிய ஏஐ மற்றும் டேட்டா அனலிட்டிக்ஸ் பி.டெக் போன்ற இடங்களில் ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்களே பாடமும் எடுக்கிறார்கள். அங்கே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மாநிலத்தின் முதல் வரிசைக் கல்லூரிகளிலும் ஏஐ துறை பலமாக இருக்கலாம். பட்டியலின் அடிப்பகுதிக்கு இறங்க இறங்க அந்தப் பெயரின் மதிப்பு கரைந்துகொண்டே போகிறது என்பதுதான் விஷயம்.

இப்படி ஒரு அலையை இந்த மாநிலம் முதல்முறை பார்க்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் பயோடெக்னாலஜிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அதில் நன்றாக வந்தவர்கள் முதுநிலை, முனைவர் பட்டம் வரை பொறுமையாகப் படித்தவர்கள். இளநிலையோடு வேலை கிடைக்கும் என்று வந்தவர்களில் பலர் கடைசியில் மென்பொருள் நிறுவன வாசலில் நின்றார்கள். பிறகு மெக்கானிக்கல் அலை. பின்னர் அந்த வகுப்பறைகளிலும் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. ஐடி வேலை நிச்சயம் என்று நம்பியவர்களுக்கு 2025 ஜூலையில் டிசிஎஸ் ஒரு செய்தி சொன்னது: ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக. இன்று சேரும் மாணவர் வெளியே வரும்போது சந்தை எப்படி இருக்கும் என்று மச்சானுக்கும் தெரியாது, டிசிஎஸ்ஸுக்கும் தெரியாது.

சரி, மாற்று என்ன? மின்னியல், மெக்கானிக்கல், சிவில் போன்ற ஒரு கோர் துறையை நல்ல கல்லூரியில் எடுத்துக்கொண்டு ஏஐயை அதன் மேல் கட்டுவது. இதற்கு இன்று இருக்கும் வசதி முன்பு எந்தத் தலைமுறைக்கும் இருந்ததில்லை. ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். 2020இல் தொடங்கியது, ஜேஇஇ எழுதத் தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம். பாடமும் வாராந்திரப் பயிற்சியும் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில். நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளலாம், முழுப் பட்டம் வரையும் போகலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இலேயே யுஜிசி அனுமதித்துவிட்டது. எச்சரிக்கை ஒன்று: உள்ளே நுழைவது எளிது, தாக்குப்பிடிப்பது கடினம். சேர்ந்து சில மாதங்களில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையே 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தவர்களுக்கு மைனர் பட்டம் தந்தது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஏஐ பாடங்கள் கல்லூரிக்குள்ளேயே வருகின்றன. தரம் பாடத்துக்குப் பாடம் ஏறி இறங்குகிறது, தேடி எடுக்க வேண்டும்.

கோர் துறையில் ஏஐக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தென்மாவட்டக் காற்றாலைகளை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. நாளை மதியம் முப்பந்தலில் காற்று எவ்வளவு வீசும், எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது மெஷின் லேர்னிங் வேலை. ஆனால் அந்தக் கணிப்பு தவறினால் கிரிட்டில் என்ன ஆகும் என்பது மின்னியல் படித்தவருக்குத்தான் புரியும். மருந்து, கட்டுமானம், ஜவுளி என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான்.

பொறியியலே வேண்டாம் என்பவர்களுக்கும் இடம் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. புள்ளியியல் இளநிலை சென்னையிலேயே மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. கணிதத்தில் உண்மையான வெறி இருந்தால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். நுழைவுத் தேர்வு கடினம், படிப்பு அதைவிடக் கடினம். தமிழ் படிப்பவர்களுக்கும் இதில் வேலை வருகிறது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுத் தரவுகளைத் திரட்டுகின்றன. பிழையற்ற தமிழ் தெரிந்த கண்கள் இல்லாமல் அந்த வேலை நகராது.

எந்தப் பட்டமானாலும், அந்தக் கல்லூரி ஏஐயை வகுப்பறையில் எப்படி நடத்துகிறது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். கணிதப் பயிற்சியின்போது சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி கிடைத்தவர்கள், இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு நன்றாகச் செய்தார்கள். கருவியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது அதே மாணவர்கள், அந்தப் பக்கமே போகாதவர்களைவிட 17 விழுக்காடு மோசமாகச் செய்தார்கள். விடையை நேரே சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய கருவியில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஹார்வர்டின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50இல் 2023 முதல் இருக்கும் ‘வாத்து’ என்ற ஏஐ உதவிக் கருவியும் அப்படித்தான்: விடை தராது, திருப்பிக் கேள்வி கேட்கும்.

ஏஐ எழுதியதை ஏஐ கொண்டே பிடிப்போம் என்று சொல்லும் கல்லூரியிடம் எச்சரிக்கையாக இருக்கலாம். ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே திரும்பப் பெற்றது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று இத்தகைய கருவிகள் முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று காட்டியது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு இது வேடிக்கைச் செய்தி அல்ல.

நம் ஊரில் காப்பியடிப்பது ஏஐயோடு வந்ததும் அல்ல. சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, பிழைகளையும் சேர்த்து அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கும் மரபு எல்லா ஆய்வகங்களிலும் இருந்தது. அதைப் பிடித்தது வைவா என்ற வாய்மொழித் தேர்வுதான். "இந்த வளைகோடு ஏன் இங்கே வளைஞ்சுது, தம்பி?" என்ற ஒரு கேள்வி போதும். ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: புராஜெக்டுக்கு வைவா எத்தனை நிமிடம், யார் எடுப்பார்கள்? எந்தப் பாடத்தில் ஏஐ பயன்படுத்தலாம், எதில் கூடாது என்று எழுத்தில் விதி இருக்கிறதா? ஜிபியு உள்ள கணினிகள் மாணவர் கைக்கு வருமா, பார்வையாளருக்குக் காட்ட மட்டுமா? மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் உண்மை வந்துவிடும். அரசுப் பணியை நினைப்பவர்கள், சேரும் பட்டத்தை எந்தப் பட்டத்துக்கு இணையாக அரசு ஏற்கிறது என்பதற்கான அரசாணையையும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது ஈடுபாட்டில்தான், கொஞ்சம் பொறுமையில். ஏஐ என்பது உள்ளே திறந்து பார்த்தால் அணிகள், நிகழ்தகவு, வகைநுண்கணிதம். முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் 2024 முதல் ‘டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ’ என்று தனித் தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தின் முதல் வரிகளே நிகழ்தகவும் புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும். மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க உட்கார்ந்தால் முதல் நாள் ஓடாது, இரண்டாம் நாள் ஓடித் தவறான விடை தரும், மூன்றாம் நாள் தரவிலேயே பிழை இருந்தது தெரியவரும். அந்த மூன்று நாளும் எரிச்சலில்லாமல் உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு எந்தத் துறையும் கைகொடுக்கும். உட்காரப் பிடிக்காத பிள்ளையை அடையாளம் கண்டு, அதற்குப் பிடித்த வேறொன்றில் விடுவது பெற்றோரின் பொறுப்பு. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பேச, வரைய, பழுதுபார்க்க, விற்கத் தெரிந்த பிள்ளைகளும் இந்த நாட்டுக்கு வேண்டும்.

பட்டியலை லாக் செய்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துபார்க்கலாம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை மீண்டும் எடுத்து, முதல் தொகுதியில் அணிகள் பாடத்தையும் இரண்டாம் தொகுதியில் நிகழ்தகவுப் பரவலையும் மதிப்பெண் கவலை இல்லாமல் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். ரசித்துப் போட்டால் ஐஐடி மெட்ராஸ் பி.எஸ்.ஸின் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, கலந்தாய்வில் கல்லூரித் தரத்தை முதலிலும் பிரிவை இரண்டாவதாகவும் வைத்து வரிசை போடலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் முடிவு சொல்லத் தரப்படும் அவகாசம் குறைவு. ஆகவே எந்த இடம் வந்தால் ‘அக்சப்ட் அண்ட் ஜாயின்’ (ஏற்றுச் சேர்வது), எது வந்தால் ‘அக்சப்ட் அண்ட் அப்வர்ட்’ (ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது) என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மச்சான் அந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்வார்.